ஒய்எம்2149 சிப்பும் டைமரும்: பழைய கம்ப்யூட்டர் இசையில் உருமி, உடுக்கை, தப்பட்டைச் சத்தம் எழுப்ப முழு வழிகாட்டி

1985-ல் வந்த அடாரி எஸ்டி கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒலிச் சிப் ஒய்எம்2149. மூன்று சதுர அலைகள், ஒரு இரைச்சல், ஒரு என்வலப் (ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் அமைப்பு). அதன் சரக்கு அவ்வளவுதான். கொமடோர் 64-ன் சிட் சிப்பில் இருந்த பல்ஸ் அகல மாற்றம் (சதுர அலையின் மேல்பாதி, கீழ்ப்பாதி நீளங்களை மாற்றுவது) இதில் கிடையாது, ஃபில்டரும் கிடையாது. ஆனாலும் எஸ்டியில் எழுதிய பல பாடல்களில் அந்தக் குழைவு கேட்கிறது. அதைத் தருவது ஒலிச் சிப் அல்ல. பக்கத்தில் இருக்கும் 68901 என்ற சிப்பின் டைமர்தான், நொடிக்குப் பல நூறு முறை ப்ராசஸரைத் தட்டி எழுப்பி, ஒய்எம்மின் ரெஜிஸ்டரை (சிப்பின் அமைப்பு எண்கள் இருக்கும் இடம்) மாற்ற வைக்கிறது.

அதே வித்தையை ஆர்டுயினோ நானோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டையும் ஒரு ஒய்எம்2149 சிப்பையும் வைத்துப் பிரெட்போர்டில் செய்யும் முறை இது. எடுத்துக்காட்டுகள் நம் கொங்குச் சீமைக் கோயில் நோம்பியில் கேட்கும் சத்தங்கள்: உருமியின் உறுமல், உடுக்கையின் ஏற்றம், தப்பட்டை அடி. சதுர அலைச் சிப்புக்கு இவை கடினமான பாடம். அதனால்தான் டைமரின் வேலையை இவற்றில் தெளிவாகக் கேட்க முடிகிறது.

ஒரே துடிப்பு ஏன் வேண்டும்

எஸ்டியில் ஒய்எம் ஓடுவது 2 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் (கிளாக்). 68901-ன் டைமர்கள் ஓடுவது தனியான 2.4576 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில். அந்த டைமர் 8 பிட்தான். 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு ஒரு நொடியில் 880 முறை ஒலியளவைப் புரட்ட வேண்டும். 16-ஆல் வகுக்கும் ப்ரீஸ்கேலரில் எண்ணிக்கை 174.5 என்று வருகிறது. 174 போட்டால் 441.4 ஹெர்ட்ஸ், 175 போட்டால் 438.9. நடுவில் எதுவும் இல்லை. மேல் ஸ்தாயிக்குப் போகப் போக இந்த இடைவெளி இன்னும் கூடும்.

நானோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் டைமர் 1 முழு 16 பிட். அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு: ஒய்எம்முக்கான 2 மெகாஹெர்ட்ஸ் துடிப்பையும் இதே சிப்பின் டைமர் 2-லிருந்து எடுத்துவிடலாம். அப்போது சுரத்தின் அலையும் டைமரின் அலையும் ஒரே 16 மெகாஹெர்ட்ஸிலிருந்து பிறக்கும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு விலகல் வேண்டும் என்று டிக் (டைமர் எண்ணும் ஒரு படி) கணக்கில் நாமே முடிவு செய்யலாம். ஒய்எம்முக்குத் தனியாக 2 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் வைத்தாலும் சத்தம் வரும். ஆனால் வெயில் ஏற ஏற அலைவு வேகம் தானாக மாறிக்கொண்டே இருக்கும். அந்த வழி வேண்டாம்.

வாங்க வேண்டியவை

- ஒய்எம்2149எஃப், 40 கால், 1. ஏஒய்-3-8910 இருந்தாலும் போதும்
- ஆர்டுயினோ நானோ, ஏடிமெகா328பி, 16 மெகாஹெர்ட்ஸ், 1
- எல்எம்386 ஆம்ப்ளிஃபையர், 8 ஓம் ஸ்பீக்கர், தலா 1
- ரெசிஸ்டர்: 1 கிலோஓம் 3, 10 கிலோஓம் 3, 10 ஓம் 1
- 10 கிலோஓம் வால்யூம் கன்ட்ரோல் 1
- கெபாசிட்டர்: 0.1 மைக்ரோஃபாராட் 2, 10 மைக்ரோஃபாராட் 1, 220 மைக்ரோஃபாராட் 1, 4.7 நானோஃபாராட் 1, 47 நானோஃபாராட் 1
- பிரெட்போர்டு 1, ஜம்பர் வயர்

ஒய்எம்2149 தவிர மற்ற எல்லாம் கோவை காந்திபுரத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டாலே கிடைக்கக்கூடிய சரக்கு. ஒய்எம்மை ஆன்லைனில்தான் தேட வேண்டும். மேல்பரப்பைத் தேய்த்து வேறு பெயர் அச்சடித்த சிப்புகள் அதிகம். சோதிக்க வழி உண்டு: ரெஜிஸ்டர் 1-ல் 255 எழுதித் திரும்பப் படியுங்கள். 255 வந்தால் ஒய்எம், 15 வந்தால் ஏஒய். இரண்டுமே நம் வேலைக்கு ஆகும். என்வலப் ஒய்எம்மில் 32 படிகளாகவும் ஏஒய்யில் 16 படிகளாகவும் இறங்கும் என்பதால் உருமியின் நயத்தில் மட்டும் வித்தியாசம் தெரியும்.

நானோ வாங்கும்போதும் சிப்பின் மேல் எழுத்தைப் பாருங்கள். எல்ஜிடி8எஃப்328பி போட்ட போர்டுகளின் ஓட்ட வேகமே வேறு. 'நானோ எவ்ரி'யில் டைமர்களின் அமைப்பே வேறு. கீழே வரும் எண்கள் இரண்டுக்கும் பொருந்தாது.

இணைப்பு

ஒய்எம்மின் கால் 40-க்கு 5 வோல்ட், கால் 1-க்கு கிரவுண்ட். இரண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாராட் ஒன்றைச் சிப்பை ஒட்டியே போடுங்கள். கால் 28-ஐயும் 25-ஐயும் 5 வோல்ட்டில் கட்டுங்கள், கால் 24-ஐ கிரவுண்டில். கால் 26-ல் எதையும் கட்டாதீர்கள். ஒய்எம்மில் அதைக் கிரவுண்ட் செய்தால் உள்துடிப்பு பாதியாகி எல்லாச் சுரமும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும்.

- டேட்டா 0, 1 (கால் 37, 36): நானோவின் ஏ0, ஏ1
- டேட்டா 2 முதல் 7 வரை (கால் 35 முதல் 30 வரை): டி2 முதல் டி7 வரை, அதே வரிசையில்
- பிசி1 (கால் 29): டி8
- பிடிஐஆர் (கால் 27): டி9
- ரீசெட் (கால் 23): டி10
- துடிப்பு (கால் 22): டி11

எட்டு டேட்டா வயரையும் டி0-விலிருந்து டி7 வரை கட்டினால் எழுதுவது சுலபம் என்று தோன்றும். டி0, டி1 இரண்டும் யுஎஸ்பி வழியாகப் புரோகிராம் ஏற்றும் கால்கள். அங்கே ஒய்எம் உட்கார்ந்தால் ஒவ்வொரு முறையும் வயரைப் பிடுங்க வேண்டிவரும். மேலே சொன்ன பிரிப்பில் பிட் எண்ணும் கால் எண்ணும் ஒன்றாகவே அமைவதால் பிட்களை நகர்த்தும் வேலை இல்லை.

ஒலி வெளிவரும் கால்கள் 4, 3, 38. ஒவ்வொன்றிலிருந்தும் 1 கிலோஓம் கிரவுண்டுக்கு, 10 கிலோஓம் பொதுப் புள்ளிக்கு. பொதுப் புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 நானோஃபாராட், சுமார் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கீச்சலை இது தணிக்கும். பிறகு 10 மைக்ரோஃபாராட், அதன் பிளஸ் முனை ஒய்எம் பக்கம். அடுத்து வால்யூம் கன்ட்ரோல், அதன் நடுக்காலிலிருந்து எல்எம்386-ன் கால் 3. எல்எம்386-ல் கால் 2, 4 கிரவுண்ட், கால் 6 ஐந்து வோல்ட், இன்னொரு 0.1 மைக்ரோஃபாராட் அங்கே. கால் 5-லிருந்து 220 மைக்ரோஃபாராட் வழியாக ஸ்பீக்கர். அதே கால் 5-லிருந்து 10 ஓமும் 47 நானோஃபாராட்டும் தொடராகக் கிரவுண்டுக்கு. ஆம்ப்ளிஃபையர் 20 மடங்கு பெருக்குவதால் வால்யூமை முதலில் அடியில் வைத்துத் தொடங்குங்கள். பாதிக்கு மேல் திருப்பினால் கரகரக்கும்.

மின்சாரத்துக்கு பவர் பேங்க் நல்லது. தறிக்குடோன் ஓடும் அதே லைனில் மலிவான சார்ஜரைச் செருகினால் மோட்டார் போடும்போதும் நிறுத்தும்போதும் ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்கும்.

துடிப்பைக் கொடுப்பது

நானோவின் டைமர் ரெஜிஸ்டர் பெயர்களைத் தமிழில் எழுதி (டிசிசிஆர்2ஏ என்பது TCCR2A), பிட்களைத் தசம எண்ணாகவே தருகிறோம். டிசிசிஆர்2ஏ = 66, டிசிசிஆர்2பி = 1, ஓசிஆர்2ஏ = 3, டி11 வெளியீடு. 16 மெகாஹெர்ட்ஸை இரண்டு மடங்கு நான்கால் வகுக்க 2 மெகாஹெர்ட்ஸ் வரும். ஆஸிலோஸ்கோப் இல்லாவிட்டால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து டி11-ஐத் தொடுங்கள். 2.5 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் துடிப்பு ஓடுகிறது. 0 அல்லது 5 காட்டினால் ஓடவில்லை. துடிப்பு தொடங்கிய பிறகு ரீசெட்டை 1 மில்லிநொடி கீழே பிடித்து விடுங்கள்.

ரெஜிஸ்டரில் எழுதுவது

தவறு அதிகம் நடக்கும் இடம் இது. பிடிஐஆர், பிசி1 இரண்டும் மேலே இருந்தால் 'எந்த ரெஜிஸ்டர்' என்று சொல்கிறோம். பிடிஐஆர் மட்டும் மேலே இருந்தால் மதிப்பை எழுதுகிறோம். பிசி1 மட்டும் மேலே இருந்தால் சிப்பைப் பேச விடுகிறோம். அதனால் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக உயர்த்தக் கூடாது. பிசி1 முதலில் போனால் நானோவும் ஒய்எம்மும் ஒரே வயரில் மோதும். பிடிஐஆர் முதலில் போனால், ரெஜிஸ்டர் எண்ணே முந்தைய ரெஜிஸ்டரில் மதிப்பாக விழ வாய்ப்பு உண்டு. இரண்டும் போர்ட் பி-யில் பிட் 0, பிட் 1 ஆக இருப்பதால் ஒரே கட்டளையில் 3-ஐச் சேர்த்து உயர்த்துங்கள், ஒரே கட்டளையில் இறக்குங்கள்.

வரிசை இது: இன்டரப்டை (டைமர் பிரதான நிரலை இடைமறித்து ஓட்டும் சிறு நிரல்) அடை. ரெஜிஸ்டர் எண்ணை வயர்களில் வை. இரண்டையும் உயர்த்து, 1 மைக்ரோநொடி பொறு, இரண்டையும் இறக்கு. மதிப்பை வை. பிடிஐஆரை மட்டும் உயர்த்து, 1 மைக்ரோநொடி பொறு, இறக்கு. இன்டரப்டைத் திற. ஏஒய் சிப்பில் எழுதும் துடிப்பு 10 மைக்ரோநொடிக்கு மேல் நீளக் கூடாது என்பதால் ஆர்டுயினோவின் டிஜிட்டல்ரைட் போன்ற மெதுவான கட்டளைகள் இங்கே ஆகாது.

இன்டரப்டை அடைக்காமல் விட்டால் நடப்பது இதுதான்: பிரதான நிரல் 'ரெஜிஸ்டர் 2' என்று சொல்லிவிட்டு மதிப்பை எடுக்கப் போகும் இடைவெளியில் டைமர் குறுக்கே வந்து 'ரெஜிஸ்டர் 8' என்று மாற்றிவிடும். திரும்பி வந்த நிரல் சுரத்துக்கான மதிப்பை ஒலியளவில் கொட்டும். பாடலில் எப்போதாவது ஒரு முறை, காரணமே தெரியாமல், ஒரு 'பீப்' தெறிக்கும். இந்த வேலையில் வரும் விளங்காத பிழைகளில் பெரும்பாலானவை இதே பிழைதான்.

பாடலை நகர்த்தும் 50 ஹெர்ட்ஸ்

பழைய கம்ப்யூட்டர் இசை நொடிக்கு 50 கட்டமாக நகர்வது வழக்கம். டைமர் 0-வை இதற்கு எடுங்கள்: டிசிசிஆர்0ஏ = 2, டிசிசிஆர்0பி = 4, ஓசிஆர்0ஏ = 249, டிம்ஸ்க்0 = 2. நொடிக்கு 250 முறை வரும். ஐந்துக்கு ஒன்றை எண்ணிக் கொடி ஒன்றை உயர்த்துங்கள். மற்ற வேலையெல்லாம் பிரதான சுழற்சியில். இன்டரப்டுக்குள்ளேயே பாடலை ஓட்டினால் டைமர் 1 காத்துக் கிடந்து சுரம் கரகரக்கும். ஆர்டுயினோவின் நேரக் கட்டளைகளான மில்லிஸ், டிலே இரண்டும் இனி வேலை செய்யாது.

ஒய்எம்மின் சுர எண் = 125000 ÷ ஹெர்ட்ஸ். 1 கட்டை சுதிக்கு மோகனத்தின் ஐந்து சுரங்கள்: ச 478, ரி 426, க 379, ப 319, த 284. கீழ் எட்டு பிட் ரெஜிஸ்டர் 0-ல், மேல் நான்கு பிட் ரெஜிஸ்டர் 1-ல். ரெஜிஸ்டர் 7-ல் 56, ரெஜிஸ்டர் 8-ல் 12 போட்டால் முதல் சேனலில் சுரம் வரும். இது சரியாக வரும் வரை டைமர் 1 பக்கம் போக வேண்டாம்.

பல்ஸ்: டைமர் 1-ன் முதல் வேலை

டிசிசிஆர்1ஏ = 3, டிசிசிஆர்1பி = 26, டிம்ஸ்க்1 = 2. இது 15-ஆம் வகை ஓட்டம். இணையத்தில் பலர் காட்டும் சிடிசி வகையை இங்கே தவிர்க்கக் காரணம் உண்டு. சிடிசியில் ஓசிஆர்1ஏ-வை மாற்றினால் உடனே மாறும். டைமர் ஏற்கெனவே அந்த எண்ணைத் தாண்டியிருந்தால் 65535 வரை போய்த்தான் திரும்பும். அது 32.8 மில்லிநொடி, காதுக்கு ஒரு ஓட்டை. 15-ஆம் வகையில் புதிய எண் அடுத்த சுற்று தொடங்கும்போதுதான் ஏறும். ஆகவே இன்டரப்டில் நீங்கள் எழுதும் நீளம் இப்போது ஓடும் பாதிக்கு அல்ல, அதற்கடுத்த பாதிக்கு என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு டிக் அரை மைக்ரோநொடி. சுர எண்ணின் 16 மடங்கு ஒரு முழு அலை. 478-க்கு 7648 டிக். ரெஜிஸ்டர் 7-ல் 57 போட்டுச் சேனலின் சொந்தச் சதுர அலையை அணையுங்கள். இப்போது ஒலியளவு மட்டுமே வெளியே தெரியும். இன்டரப்ட் ஒருமுறை ரெஜிஸ்டர் 8-ல் 15 எழுதட்டும், அடுத்த முறை 0. மேல்பாதி 1912 டிக், கீழ்ப்பாதி 5736 டிக் வைத்தால் 25 சதவீதப் பல்ஸ். ஓசிஆர்1ஏ-வில் எப்போதும் ஒன்று குறைத்து எழுதுங்கள்.

இனி ஒவ்வொரு கட்டத்திலும் மேல்பாதியில் 40 டிக் கூட்டி, 600-லிருந்து 3824 வரை கொண்டுபோய்த் திரும்ப இறக்குங்கள். ஏற 1.6 நொடி ஆகும். தட்டையாக இருந்த சத்தம் மூச்சு விடத் தொடங்கும். மேல்பாதியை 60 டிக்குக்குக் கீழே விடாதீர்கள். ஒரு இன்டரப்ட் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

உடுக்கைக்கு இதே அமைப்பு. கயிற்றை இறுக்கும்போது சுரம் சரேலென்று ஏற வேண்டும்: சுர எண் 500-லிருந்து 330 வரை ஆறு கட்டங்களில், மேல்பாதி முழு அலையில் எட்டில் ஒன்று. ஏறி முடிந்ததும் கட்டத்துக்கு ஒன்றாக ஒலியளவைக் குறையுங்கள். ஒலியளவு குறைவதைப் பிரதான நிரல் நேராக ரெஜிஸ்டர் 8-ல் எழுதக் கூடாது. அதை ஒரு மாறியில் வைத்தால் இன்டரப்ட் 15-க்குப் பதில் அதை எழுதும். இரண்டு பேரும் ஒரே ரெஜிஸ்டரில் கை வைத்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பின்னால் கேட்கும்.

நீளங்களும் 16 பிட் மாறிகள்; ப்ராசஸர் அவற்றை இரண்டு துண்டாகத்தான் எழுதும். மாற்றும் நேரத்தில் மட்டும் இன்டரப்டை அடையுங்கள்.

இரண்டு அலைகளை உரச விடுவது

ரெஜிஸ்டர் 7-ஐத் திரும்ப 56 ஆக்குங்கள். இப்போது ஒய்எம்மின் அலையும் டைமரின் அலையும் சேர்ந்து வரும். டைமரின் அரை அலையைச் சுர எண்ணின் 8 மடங்காக வைத்தால் இரண்டும் பூட்டியது போல நிற்கும், அசைவே இருக்காது. அதில் சில டிக் கூட்டினால் ஒன்றை ஒன்று மெல்லத் தாண்டிப் போகும். எஸ்டி பாடல்களின் அந்த நெளிவு இதுதான். அரை நொடிக்கு ஒரு சுழற்சி, இரண்டு நொடிக்கு ஒரு சுழற்சி என்று வேகத்தைக் கணக்கிட: 15625-ஐக் கூட்டிய டிக்கால் பெருக்கி, சுர எண்ணின் வர்க்கத்தால் வகுங்கள். 478-க்கு 7 டிக்கும் 284-க்கு 3 டிக்கும் ஏறத்தாழ இரண்டு நொடிச் சுழற்சி தரும். எல்லாச் சுரத்துக்கும் ஒரே டிக் எண்ணைப் போட்டால் மேல் சுரங்கள் படபடக்கும், கீழ் சுரங்கள் உறைந்து நிற்கும்.

ஒரு சுழற்சியில் ஒரு முறை இரண்டு அலைகளும் நேர் எதிராக வந்து சத்தமே மறையும். 15-க்கும் 0-க்கும் பதில் 15-க்கும் 10-க்கும் நடுவே புரட்டினால் மறையாது.

உருமி

ஒய்எம்மின் என்வலப்பை அலையாகப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அதன் சுருதி முரடு. 7812.5-ஐ ஹெர்ட்ஸால் வகுத்தால் என்வலப் எண்: 440-க்கு 17.76. 18 போட்டால் 434 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட கால் அரைச்சுரம் இறக்கம். டைமர் இதைச் சரிசெய்கிறது. ரெஜிஸ்டர் 13-ல் எதை எழுதினாலும் என்வலப் முதலிலிருந்து தொடங்கும். சுரத்தின் ஒவ்வொரு அலைக்கும் ஒரு முறை டைமர் அதில் எழுதினால் சுருதியை டைமர் பிடித்துக்கொள்ளும். என்வலப் எண் சத்தத்தின் குணத்தை மட்டும் தீர்மானிக்கும்.

ரெஜிஸ்டர் 8-ல் 16, ரெஜிஸ்டர் 7-ல் 57. இன்டரப்ட் ஒவ்வொரு முறையும் ரெஜிஸ்டர் 13-ல் 10 எழுதட்டும். மேலிருந்து இறங்கி ஏறும் முக்கோண அலை அது. அலை நீளம் 25000 டிக்கில், அதாவது 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். கட்டத்துக்கு ஒரு முறை நீளத்தில் 22-ல் ஒரு பங்கைக் கழியுங்கள். 12 கட்டத்தில் 140 ஹெர்ட்ஸை எட்டும். அதே நேரத்தில் ரெஜிஸ்டர் 11-ல் உள்ள என்வலப் எண்ணை 40-லிருந்து 18-க்கு இறக்குங்கள், ரெஜிஸ்டர் 12-ல் 0. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் 'ஊம்' இங்கே பிறக்கிறது. சுருதியும் குணமும் சேர்ந்து நகர்வதே இதற்கு உயிர். ஒன்றை மட்டும் நகர்த்தினால் வெறும் சைரன்தான். நீளத்தில் சம அளவு டிக்கைக் கழித்தால் ஏற்றம் முடிவில் மட்டும் பாய்ந்து கேட்கும். பங்காகக் கழிக்கச் சொல்வது அதனால்தான்.

தப்பட்டை

இது பதிவு செய்த ஒலி. போனில் எடுத்த ஒரே அடியை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் மோனோ, 8000 ஹெர்ட்ஸ், குறியில்லா 8 பிட்டாக ஏற்றுமதி செய்யுங்கள். 0.2 நொடி என்றால் 1600 மதிப்புகள். அவற்றை நான்கு பிட்டாக்கி, பைட்டுக்கு இரண்டாகக் கட்டினால் 800 பைட். ஃப்ளாஷ் நினைவகத்தில் வையுங்கள். 2 கிலோபைட் ரேமில் வைத்தால் பாதிக்கு அருகில் இடம் போய்விடும். ஓசிஆர்1ஏ = 249; இன்டரப்ட் ஒவ்வொன்றும் ஒரு மதிப்பை ரெஜிஸ்டர் 8-ல் எழுதும்.

8 பிட்டை 16-ஆல் வகுத்து நான்கு பிட்டாக்கினால் அடி கிழிந்த தகரம் போலக் கேட்கும். ஒய்எம்மின் ஒலியளவு சம இடைவெளியில் ஏறுவதில்லை. ஒவ்வொரு இரண்டு படிக்கும் இரட்டிப்பாகிறது. முழு அளவை 255 என்று கொண்டால் 15 முதல் கீழ்நோக்கிப் படிகள் இவை: 255, 180, 128, 90, 64, 45, 32, 23, 16, 11, 8, 6, 4, 3, 2, 0. ஒவ்வொரு மதிப்புக்கும் இதில் மிக நெருங்கிய படியைத் தேர்ந்தெடுங்கள்.

அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒலியின் நடுக்கோடு 128-ல் இருந்தால் மேல் பாதிக்கு மூன்றே படிகள்தான் கிடைக்கும். நடுக்கோட்டை 64-க்கு இறக்கி, ஒலியையும் பாதியாக்குங்கள். சத்தம் குறையும், ஆனால் தோலின் அதிர்வு தெளியும். தப்பட்டையின் ஓங்கிய அடிக்கு 128 நன்றாக இருக்கும், மெல்லிய அடிக்கு 64. அடி முடிந்ததும் ஒலியளவைச் சட்டென்று 0 ஆக்காமல் கட்டத்துக்கு இரண்டு படியாக இறக்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு 'டிக்' ஒட்டிக்கொள்ளும்.

மூன்றையும் ஒன்றாக ஓட்டும்போது

டைமர் 1 ஒன்றுதான் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு டைமர் சத்தம் என்று வைத்துக்கொள்வது நல்லது: தப்பட்டை அடி வந்தால் 0.2 நொடிக்கு உருமி விலகட்டும், பிறகு திரும்பட்டும். நிஜ மேளத்திலும் ஓங்கி விழும் அடி மற்றதை மறைக்கும், அதனால் காது குறை சொல்வதில்லை. மற்ற இரண்டு சேனல்களில் ஒய்எம்மின் சொந்தச் சுரங்கள் வழக்கம் போல ஓடலாம். கட்டத்துக்குக் கட்டம் மாறிய ரெஜிஸ்டர்களை மட்டும் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே இன்டரப்டைத் திறந்துவிடுங்கள். பதினான்கையும் ஒரே மூச்சில் அடைத்து எழுதினால் 40 மைக்ரோநொடிக்கு மேல் டைமர் நின்று, பல்ஸில் 50 ஹெர்ட்ஸ் நடுக்கம் ஏறும். ரெஜிஸ்டர் 13-ஐ மட்டும் பிரதான நிரல் ஒருபோதும் தொடக் கூடாது.

நானோ போர்டுகள் பலவற்றில் கிரிஸ்டலுக்குப் பதில் செராமிக் ரெசனேட்டர் இருக்கும். அதன் பிழை அரை சதவீதம் வரை போகலாம். எல்லாம் ஒரே துடிப்பில் ஓடுவதால் உள்ளுக்குள் சுருதி கலையாது. நாதஸ்வரமோ கீபோர்டோ கூடச் சேர்ந்தால் சுமார் 9 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகல் உறுத்தும். அப்போது சுர எண் அட்டவணை முழுவதையும் அதே விகிதத்தில் திருத்துங்கள். டைமர் நீளங்கள் சுர எண்ணிலிருந்து பெருக்கி வருபவை என்பதால் அவற்றைத் தனியாகத் தொட வேண்டியதில்லை. உருமியின் 25000-ஐ மட்டும் கையால் மாற்ற வேண்டும்.